மூச்சுக்கு வழி விட்டபிறகு டர்போவைப் பூட்டு

சென்னை
ஆடி முதல் ஞாயிறு

அன்புத் தம்பி பிரபுவுக்கு,

அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. காலையில் பூங்காவில் நடக்கிறார். அம்மாவுக்குத்தான் உன் கார் மேல் கோபம். "ரெண்டே சீட்டாம்டி. நாளைக்குக் கல்யாணம் ஆகி ஒரு புள்ள பொறந்தா எங்க உக்கார வைப்பான்?" என்று என்னைக் கேட்கிறாள். பதிலை நீயே சொல்லிக்கொள்.

மெல்போர்னிலிருந்து நீ அனுப்பிய படங்களையும் வாங்கப்போகும் சாமான் பட்டியலையும் பார்த்தேன். 1994 மாஸ்டா எம்எக்ஸ்-5, 1.8 லிட்டர். பெயின்ட் வெளிறியிருந்தாலும் பாடியில் துரு இல்லை, நல்ல வண்டிதான். பட்டியலில் டர்போ, மேனிஃபோல்ட், இன்டர்கூலர், புது இசியு, பெரிய இன்ஜெக்டர், விசிலடிக்கிற புளோ-ஆஃப் வால்வு வரை எல்லாம் இருக்கின்றன. கிராங்க்கேஸ் காற்றோட்டத்துக்கு மட்டும் ஒரு வரிகூட இல்லை. போனில் கேட்டதற்கு, "அதுக்கு ஒரு குட்டி ஃபில்டர் மாட்டிட்டாப் போதும்க்கா, எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க" என்றாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் சொன்னால் "சரிக்கா, சரிக்கா" என்று சொல்லி வைத்துவிடுவாய். எழுதினால் காரேஜ் சுவரில் ஒட்டி வைக்கலாம்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். எவ்வளவு பூஸ்ட் என்று முடிவு செய்வதற்கு முன்னால், பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்கும் வாயு எந்த வழியாக வெளியே போகும் என்று முடிவு செய். அந்த வழி சரியாக இருந்தால் டர்போ தேர்வில் கொஞ்சம் முன்பின் ஆனாலும் என்ஜின் பொறுத்துக்கொள்ளும். வழி சரியில்லை என்றால் எவ்வளவு விலை உயர்ந்த டர்போவும் உன்னைக் காப்பாற்றாது.

நான் வேலை பார்க்கும் டெஸ்ட் செல்லில் ஒரு என்ஜினைப் பெஞ்சில் ஏற்றி முழு லோடு கொடுக்கும்போது எல்லோரும் டார்க் எவ்வளவு வருகிறது என்று பார்ப்பார்கள். நான் முதலில் பார்ப்பது புளோ-பை மீட்டரை. எரிந்த வாயுவில் ஒரு சிறு பகுதி பிஸ்டன் ரிங் இடுக்கு வழியாகக் கீழே கிராங்க்கேஸுக்குள் இறங்கிவிடும். அதுதான் புளோ-பை. எவ்வளவு நல்ல என்ஜினானாலும் இறங்கும். ரிங்கின் இரண்டு முனைகளுக்கு நடுவே இடைவெளி இல்லாமல் ரிங் செய்ய முடியாது. அந்த வாயுவில் எரியாத பெட்ரோல் ஆவி, நீராவி, அமிலத்தன்மை உள்ள கழிவு எல்லாம் இருக்கும். கீழே கிராங்க் சுழலும் வேகத்தில் ஆயில் பனிபோலத் தெறித்துக்கொண்டிருப்பதால், வாயு வெளியே வரும்போது அதையும் சேர்த்துக்கொண்டு வரும்.

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். உன் என்ஜின் 1,839 சிசி. 6,500 சுற்றில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5,900 லிட்டர் காற்றை இழுக்கும். அதில் நூற்றில் ஒரு பங்கு கீழே இறங்கினாலும் நிமிடத்துக்கு 59 லிட்டர். 0.45 பார் பூஸ்ட் ஏற்றினால் அதே விகிதத்தில் 80 லிட்டரைத் தாண்டும். இந்த 80 லிட்டர் கம்பெனி ஹோஸ் அளவில் 9 மி.மீ. துளை வழியே வெளியேற வேண்டுமானால் நொடிக்கு 21 மீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். அந்த வேகத்தில் ஆயில் துளிகள் கீழே விழாமல் வாயுவோடு சேர்ந்தே பறக்கும். அதே வாயுவை 16 மி.மீ. குழாயில் விட்டால் வேகம் 6.6 மீட்டர்தான். துளிகள் சுவரில் ஒட்டி வழிந்து திரும்ப இறங்க அவகாசம் கிடைக்கும். ஆயிலைப் பிடித்து வைக்கும் கேட்ச் கேன் வாங்குவதைப் பற்றி யோசிப்பவர்கள் ஹோஸின் உள்விட்டத்தைப் பற்றி யோசிப்பதில்லை. கேனைவிட ஹோஸ்தான் முக்கியம்.

இப்போது உன் வண்டியில் கம்பெனி என்ன செய்து வைத்திருக்கிறது என்று பார். பானெட்டைத் திறந்தால் வால்வு கவரில் இரண்டு வாய்கள் தெரியும். இன்டேக் பக்கம் இருப்பதில் பிசிவி என்னும் கிராங்க்கேஸ் காற்றோட்ட வால்வு செருகியிருக்கும். அதிலிருந்து ஒரு ஹோஸ் இன்டேக் மேனிஃபோல்டுக்குப் போகும். எக்ஸாஸ்ட் பக்கம் இருக்கும் வாயிலிருந்து இன்னொரு ஹோஸ் திராட்டிலுக்கு முன்னால் உள்ள காற்றுக் குழாய்க்குப் போகும். வண்டி ஐடிலில் நிற்கும்போதும் சீராக ஓடும்போதும் மேனிஃபோல்டில் வேக்கம் இருக்கிறது. அது பிசிவி வழியே உறிஞ்சும். எக்ஸாஸ்ட் பக்க வாய் வழியே சுத்தமான காற்று உள்ளே வந்து கிராங்க்கேஸைக் கழுவிக்கொண்டு போகும். ஆயில் சுத்தமாக இருப்பதற்கு இந்தக் கழுவல்தான் காரணம். முழு திராட்டிலில் வேக்கம் போய்விடும், புளோ-பை அதிகமாகும், அப்போது மிஞ்சியது எக்ஸாஸ்ட் பக்க ஹோஸ் வழியே திரும்பி ஓடி இன்டேக் காற்றோடு கலந்துவிடும்.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. 1960க்கு முன் பெரும்பாலான கார்களில் கிராங்க்கேஸிலிருந்து ஒரு வெறும் குழாய் ரோட்டைப் பார்த்துத் தொங்கிக்கொண்டிருக்கும். வண்டி ஓடும் வேகத்தில் உண்டாகும் இழுப்பில் புகை ரோட்டில் கொட்டும். லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக் கண்ணெரிச்சல் புகைக்குக் காரணம் தேடியபோது இந்தக் குழாயும் மாட்டியது. 1961 மாடல்களில் கலிபோர்னியாவில் விற்ற கார்களுக்கு பிசிவி வந்தது. பிறகு மற்ற இடங்களுக்கும் பரவியது. குட்டி ஃபில்டரை மாட்டி வெளியே விடச் சொல்லும் உன் நண்பர்கள் உன்னை 1960க்குத் திருப்பி அனுப்பப் பார்க்கிறார்கள்.

டர்போ வந்ததும் இந்த ஏற்பாட்டில் ஒரு முக்கியமான இடம் தலைகீழாகிறது. மேனிஃபோல்டில் வேக்கம் இருந்த இடத்தில் இப்போது அழுத்தம். பிசிவி வால்வுக்குள் ஒரு ஸ்பிரிங்கும் ஒரு சின்ன பிளஞ்சரும்தான் இருக்கின்றன. அழுத்தம் எதிர்த்திசையில் வந்தால் மூடிக்கொள்ள வேண்டும் என்பது கணக்கு. ஆனால் டர்போ இல்லாத காருக்குச் செய்த வால்வு, அதுவும் முப்பது வருஷப் பழசு, பூஸ்டில் இறுக மூடும் என்று நம்பாதே. கழற்றி, மேனிஃபோல்ட் பக்கம் வாயை வைத்து ஊதிப் பார். காற்று போனால் பூஸ்ட் நேராக கிராங்க்கேஸுக்குள் போகிறது என்று பொருள். புளோ-பை போதாதென்று நீயே வேறு காற்றடிக்கிறாய்.

கிராங்க்கேஸில் அழுத்தம் ஏறினால் என்னவெல்லாம் நடக்கும்? டிப்ஸ்டிக் தானாகத் தூக்கிக்கொண்டு வெளியே வரும். வால்வு கவர் கேஸ்கெட் ஓரம் ஈரமாகும். என்ஜினின் பின்முனையில், கிளட்சுக்கு முன்னால் இருக்கும் ரியர் மெயின் சீல் கசியும். அதை மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டும். இவை எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறவை. தெரியாமல் நடப்பதுதான் பெரிய செலவு வைக்கும். டர்போவின் பேரிங்குக்குப் போகும் ஆயில் பிரஷரில் போகிறது, ஆனால் திரும்பி வருவது வெறும் புவியீர்ப்பில்தான். அது சம்புக்குள் விழ வேண்டும். சம்பில் அழுத்தம் இருந்தால் ஆயில் விழாது. டர்போவின் நடுப்பகுதியில் தேங்கும். டர்போ சீல்கள் ரப்பர் சீல் போல இறுகப் பிடிப்பவை இல்லை. பிஸ்டன் ரிங் போன்ற மெல்லிய வளையங்கள். உள்ளே ஆயில் தேங்கினால் அவை தடுக்காது. ஆயில் டர்பைன் பக்கம் கசிந்து, எக்ஸாஸ்டில் நீலப் புகையாக வரும்.

எனக்குத் தெரிந்த ஒரு பையன் இங்கே தன் காருக்கு இப்படிப் புகை வந்ததும் டர்போவை மாற்றினான். புதிதும் புகைத்தது, கடைக்காரனோடு சண்டை போட்டு அதையும் மாற்றினான். அதுவும் புகைத்தது. வால்வு கவரின் ஹோஸைக் கழற்றி ஓட்டச் சொன்னேன். புகை நின்றுவிட்டது. டர்போக்கள் எல்லாம் நல்ல டர்போக்கள். கிராங்க்கேஸுக்குத்தான் வழி இல்லை. புது டர்போ புகைத்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஆயில் திரும்பும் குழாயையும் கிராங்க்கேஸ் அழுத்தத்தையும்.

இன்னொரு கேடும் உண்டு. ஆயில் மூட்டம் இன்டேக்கில் கலந்து இன்டர்கூலருக்குள் படலமாகப் படியும், சிலிண்டருக்குள்ளும் போகும். ஆயில் எளிதில் பற்றிக்கொள்ளும். பெட்ரோலின் ஆக்டேன் அளவைக் குறைக்கும். நீ 98 ஆக்டேன் பெட்ரோலுக்குக் காசு கொடுத்துப் போடுகிறாய். ஆயில் மூட்டம் அதைக் கெடுத்து நாக்கிங்கை, அதாவது சிலிண்டருக்குள் தாறுமாறான வெடிப்பை, வரவழைக்கும். பூஸ்டில் நாக்கிங் தொடர்ந்தால் பிஸ்டனின் ரிங் லேண்ட் உடையும். ரிங் லேண்ட் உடைந்தால் புளோ-பை இன்னும் ஏறும். ஒன்று மற்றொன்றை வளர்த்துக்கொண்டே போய் என்ஜினை முடித்துவிடும்.

சரி, என்ன வழிகள் இருக்கின்றன? நாலு வழி சொல்வார்கள்.

முதல் வழி, பிசிவியை அடைத்துவிட்டு இரண்டு வாயையும் ஒரு கேனுக்குக் கொண்டுபோய், கேனின் தலையில் ஃபில்டர் வைத்து வெளியே விடுவது. டிராக்கில் மட்டும் ஓடும் வண்டிக்கு இது சரி. எளிது, இன்டேக்குக்குள் ஒரு துளி ஆயிலும் போகாது. ஆனால் ஐடிலிலும் சாதாரண ஓட்டத்திலும் கிடைத்த அந்தக் கழுவல் போய்விடும். பெட்ரோல் ஆவியும் நீரும் ஆயிலிலேயே தங்கும். சிக்னலில் நிற்கும்போது ஆயில் நாற்றம் கேபினுக்குள் வரும். உன் வண்டியில் கூரையைத் திறந்து வைத்தால் நேராக மூக்குக்கே வரும். ரோட்டில் ஓடும் வண்டிக்குச் சட்டமும் இடம் கொடுக்காது.

இரண்டாவது, எக்ஸாஸ்ட் குழாயில் சாய்வாக வெட்டிய ஒரு குழாயைப் பற்றவைத்து, எக்ஸாஸ்ட் ஓடும் வேகத்தில் கிராங்க்கேஸை இழுக்கச் செய்வது. நேர்கோட்டுப் பந்தயக் கார்களில், சைலன்சர் இல்லாத திறந்த எக்ஸாஸ்டில் வேலை செய்யும். உனக்குக் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் சைலன்சரும் இருக்கின்றன. எக்ஸாஸ்டில் எதிரழுத்தம் இருக்கும். இழுப்பதற்குப் பதில் உள்ளே தள்ளிவிடும். வேண்டாம்.

மூன்றாவது, வேக்கம் பம்ப் அல்லது டிரை சம்ப். அருமையான ஏற்பாடு. ஆனால் செலவு மிக அதிகம். அதோடு விட்டுவிடு.

நாலாவதுதான் உனக்கு. கம்பெனி போட்ட தத்துவத்தை அப்படியே வைத்துக்கொண்டு, பூஸ்டுக்குத் தகுந்தபடி பலப்படுத்துவது. இரண்டு பக்கத்துக்கும் இரண்டு கேன். இன்டேக் பக்கம் புதிய பிசிவி வால்வு, அதிலிருந்து முதல் கேன், கேனிலிருந்து மேனிஃபோல்டுக்கு. மேனிஃபோல்டுக்கு மிக அருகில் ஒரு நல்ல உலோகச் செக் வால்வு வை. இடம் முக்கியம்: செக் வால்வு மேனிஃபோல்ட் பக்கம் இருந்தால் பூஸ்ட் அங்கேயே நிற்கும், பிசிவி பக்கம் வைத்தால் பூஸ்டின் அழுத்தம் முழுவதும் கேன் மேல் விழும், மூடியின் ஓ-ரிங் ஒருநாள் விட்டுவிடும். பிளாஸ்டிக் செக் வால்வு டர்போ சூட்டில் வெடித்துப்போகும். பத்து டாலர் மிச்சம் பிடிக்காதே.

எக்ஸாஸ்ட் பக்கம் வால்வு கவரில் 16 மி.மீ. உள்விட்டத்தில் ஒரு ஃபிட்டிங்கைப் பற்றவைத்துக்கொள். வெல்டிங்குக்குக் கவரைக் கழற்றும்போது உள்ளே இருக்கும் தகடுத் தடுப்பை வெட்டிவிடாமல் பார்த்துக்கொள். ஆயில் தெறிப்பை வாய்க்கு வராமல் தடுப்பது அதுதான். அங்கிருந்து இரண்டாவது கேன். கேனிலிருந்து ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவே உள்ள குழாய்க்கு. அங்கே டர்போ இழுக்கும்போது லேசான வேக்கம் எப்போதும் இருக்கும். பூஸ்டில் பிசிவி பக்கம் மூடியிருக்கும். வாயு முழுவதும் இந்த ஒரு வழியாகத்தான் போக வேண்டும். அதனால்தான் இதைத் தாராளமாக வைக்கச் சொல்கிறேன். ஒரு எச்சரிக்கை: ஏர் ஃபில்டர் அழுக்கடைந்தால் அந்த இழுப்பு கூடி ஆயிலையும் சேர்த்து இழுக்கும். ஃபில்டரைச் சுத்தமாக வை.

கேன் என்பது வெறும் டப்பா இல்லை. உள்ளே தடுப்புத் தகடோ எஃகு வலையோ இருக்க வேண்டும். வாயு மோதித் திசை மாறினால்தான் ஆயில் பிரியும். வெறும் அலுமினிய டப்பாவில் ஒரு வாயில் நுழைந்த ஆயில் மறு வாயில் வெளியேறும். இன்டர்நெட்டில் மலிவாகக் கிடைப்பவை பலவும் இந்த வகை. வாங்கும் முன் மூடியைக் கழற்றிப் பார். அடியில் வடிகால் குழாய் இருப்பதாக வாங்கு. டர்போவிலிருந்து தள்ளி, காற்று படும் இடத்தில் பொருத்து. குளிர்ந்த சுவரில்தான் மூட்டம் படியும். மெல்போர்ன் குளிரில் குறுகிய தூரம் மட்டும் ஓட்டினால் கேனில் மோர் போல வெளுத்த திரவம் சேரும். நீரும் ஆயிலும் கலந்தது அது. ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று பயந்து எனக்கு நள்ளிரவில் போன் செய்யாதே. ஆனால் வடித்து எடு. அப்படியே விட்டால் ஹோஸில் உறைந்து வழியை அடைத்துவிடும். வடித்ததைத் திரும்ப என்ஜினில் ஊற்றவும் கூடாது.

இந்த ஏற்பாட்டில் இன்னொன்றையும் தெரிந்துகொள். உன் என்ஜினில் ஹெட்டிலிருந்து ஆயில் கீழே இறங்கும் வழியும், கிராங்க்கேஸிலிருந்து வாயு மேலே ஏறும் வழியும் ஒன்றுதான். வாயு வேகமாக ஏறினால் ஆயில் இறங்காமல் ஹெட்டிலேயே நிற்கும். டிராக்கில் நீண்ட வளைவில் அது ஒரு பக்கமாக ஒதுங்கும்போது நேராக பிரீதர் வாய்க்கே வந்துவிடும். வின்டனிலோ சான்டவுனிலோ ஓட்டிவிட்டு வந்து கேனைத் திறந்தால் திடீரென நிறைய ஆயில் இருக்கக் காரணம் இதுதான். சம்பில் மொத்தமே நாலு லிட்டருக்கும் குறைவு. அதில் அரை லிட்டர் மேலே நின்றுவிட்டால் ஆயில் பம்புக்கு எட்டுமா என்று நீயே கணக்குப் பார். டிராக் நாளில் ஆயில் லெவல் டிப்ஸ்டிக்கின் மேல் கோட்டில் இருக்கட்டும்.

இனி மற்ற தேர்வுகளுக்கு வருகிறேன். எல்லாம் இந்த ஒன்றோடு சேர்ந்தவைதான்.

பெரிய சாமான் எதையும் வாங்குவதற்கு முன் என்ஜினின் உடல்நிலையைப் பார். கம்ப்ரெஷன் டெஸ்டோடு நிற்காதே. லீக்-டவுன் டெஸ்டும் செய். சிலிண்டருக்கு அழுத்தக் காற்றைக் கொடுத்து எத்தனை சதவீதம் கசிகிறது என்று பார்ப்பது. நாலும் 10 சதவீதத்துக்குள் இருந்தால் தொடரலாம். 20ஐத் தாண்டினால் டர்போ பணத்தை ரிங்குக்கும் போருக்கும் செலவு செய். காற்று எங்கே கசிகிறது என்று காதை வைத்துக் கேள்: ஆயில் மூடி வழியே சீறல் வந்தால் ரிங், எக்ஸாஸ்ட் குழாயில் வந்தால் வால்வு, ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட்.

என்ஜினைப் பிரித்துக் கட்டுவதென்று ஆனால் ரிங் இடைவெளி உன் கையில் இருக்கிறது. உன் போர் 83 மி.மீ. பூஸ்ட் என்ஜினுக்கு மேல் ரிங்கின் முனை இடைவெளி 0.40 மி.மீ. பக்கம் வைப்பது வழக்கம். இரண்டாவது ரிங்குக்கு அதைவிடச் சற்று அதிகம். புளோ-பைக்குப் பயந்து இறுக்கி வைக்காதே. சூட்டில் ரிங் விரிந்து இரண்டு முனையும் முட்டினால் போரைக் கீறிப் பிஸ்டனை உடைக்கும். சற்று அகன்ற இடைவெளியால் கூடும் புளோ-பைக்கு நீ வைத்திருக்கும் 16 மி.மீ. வழி போதும், முட்டிக்கொண்ட ரிங்குக்கு எந்த மருந்தும் இல்லை. பிரிக்காமல் கம்பெனி என்ஜினையே வைத்துக்கொள்வதானால் குறைந்த பூஸ்டோடு நிறுத்திக்கொள்.

எவ்வளவு என்று கேட்பாய். 0.45 பார். வேஸ்ட்கேட் ஸ்பிரிங் எவ்வளவோ அவ்வளவு. பூஸ்ட் கன்ட்ரோலர் முதல் வருஷம் வாங்கவே கூடாது. உன் என்ஜினின் கம்ப்ரெஷன் 9.0. இதே குடும்பத்தில் டர்போவோடு பிறந்த என்ஜின் உங்கள் ஊர் ஃபோர்டு லேசர் டிஎக்ஸ்3 டர்போவில் வந்தது; அதற்குக் கம்ப்ரெஷனைக் குறைத்துத்தான் கம்பெனி டர்போ போட்டது. 130 குதிரைத்திறன் உள்ள என்ஜினில் 0.45 பார் ஏற்றினால் 180 பக்கம் வரும். ஏறக்குறைய ஒரு டன் எடையுள்ள வண்டிக்கு அது நிறைய. மாஸ்டா ஆஸ்திரேலியாவே 2002ல் எம்எக்ஸ்-5 எஸ்பி என்று டர்போ வைத்து 100 கார்கள் செய்தது. அதன் திறன் 150 கிலோவாட், அதாவது ஏறக்குறைய 200 குதிரைத்திறன். வாரண்டி கொடுத்து விற்ற கம்பெனியே அங்கே நிறுத்திக்கொண்டது. கனெக்டிங் ராட் வளைவதற்குக் காரணம் மேல் சுற்றில் வரும் பவரைவிட, நடுச் சுற்றில் திடீரென்று குதிக்கும் டார்க்தான். அதனால் 3,000 சுற்றிலேயே முழு பூஸ்ட் வர வேண்டும் என்று குட்டி டர்போ தேடாதே. கேரட் ஜிடி2560ஆர் போன்ற நடுத்தர அளவு போதும்.

அது பால் பேரிங் டர்போ என்பதால் ஆயில் உள்ளே போகும் லைனில் ரெஸ்டிரிக்டர் தேவை. அதிக ஆயில் போனால் திரும்பும் குழாய் தாங்காமல் மேலே சொன்ன புகைக் கதை ஆரம்பிக்கும். திரும்பும் குழாய் குறைந்தது 13 மி.மீ. உள்விட்டம், வளைவு, தொங்கல் இல்லாமல் சரிவாகவே இறங்க வேண்டும், சம்பில் ஆயில் மட்டத்துக்கு மேலே நுழைய வேண்டும். சம்பை இறக்காமல், டிரில்லில் கிரீஸ் தடவி ஓட்டை போட்டுவிடலாம் என்பார்கள். ஒரு சுருள் உள்ளே விழுந்தால் ஆயில் பம்பு போச்சு. கிராஸ்மெம்பரைத் தளர்த்த வேண்டிய வேலைதான், தெரியும். இருந்தாலும் சம்பை இறக்கு.

குளிர்ச்சிக்கும் ஒரு வேலை இருக்கிறது. இந்த என்ஜின் குடும்பம் முதலில் முன்சக்கர ஓட்டக் காரில் குறுக்கே படுக்கச் செய்தது. எம்எக்ஸ்-5க்காக நெடுக்கே திருப்பியபோது தண்ணீர் உள்ளே வருவதும் வெளியே போவதும் முன்பக்கமே அமைந்துவிட்டன. பின்னால் இருக்கும் நாலாவது சிலிண்டருக்கு ஓட்டம் குறைவு. டர்போ வைத்தால் முதலில் நாக்கிங் அங்கேதான் வரும். தண்ணீர் வெளியேறும் இடத்தை ஹெட்டின் பின்பக்கத்துக்கு மாற்றும் கிட் கிடைக்கிறது. புளோ-ஆஃப் வால்வை எடுத்துவிட்டு அந்தக் காசில் இதை வாங்கு.

கம்பெனி இசியு வேண்டாம் என்று முடிவு செய்தது நல்லது. சிட்னிக்காரர்களின் ஹால்டெக்கோ நியூசிலாந்தின் லிங்க்கோ, உன் டியூனருக்கு எது பழக்கமோ அதை வாங்கு. பூஸ்டில் காற்று-பெட்ரோல் விகிதம் 11.5 அளவில் இருக்கட்டும். அதோடு இசியுவில் ஒரு சென்சார் வயரை மிச்சம் வைக்கச் சொல். டிப்ஸ்டிக் குழாயில் ஒரு மேப் சென்சாரை மாட்டி, கிராங்க்கேஸ் அழுத்தத்தை லாக் செய். ஐடிலில் வெளிக்காற்றைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டும். முழு பூஸ்டில் வெளிக்காற்றின் அளவை ஒட்டியே நிற்க வேண்டும். 3 கிலோபாஸ்கல் அதிகமாகத் தெரிந்தால் அன்றைக்கு ஓட்டுவதை நிறுத்து. வழி அடைத்திருக்கிறது, செக் வால்வு கசிகிறது, அல்லது ரிங் போயிருக்கிறது. ஒவ்வொரு மாதமும் இந்த எண்ணைக் குறித்து வைத்தால் என்ஜின் தேய்வதைப் புகை வருவதற்கு வெகு முன்னாலேயே நீ தெரிந்துகொள்வாய்.

எல்லாம் பூட்டியபின், ஸ்டார்ட் செய்வதற்கு முன் டர்போவுக்குப் பின்னால் உள்ள இன்டேக் குழாயை அடைத்து 0.5 பார் அழுத்தக் காற்றைக் கொடு. ஆயில் மூடியைத் திறந்து காதை வை. லேசாகக் காற்று வருவது ரிங் வழியே வருவது; சீறிக்கொண்டு வந்தால் செக் வால்வு மூடவில்லை. ஐந்து நிமிட வேலை. பலரும் செய்வதில்லை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். விக்டோரியாவில் டர்போ ஏற்றினால், வாகன மாற்றத்துக்கான வாஸ் சான்றிதழ் வாங்க வேண்டும். பெரிய சாமான் வாங்குவதற்கு முன்னாலேயே சான்றிதழ் தரும் என்ஜினியரைப் பார்த்துப் பேசு. முடித்தபின் போனால் பாதியைக் கழற்றச் சொல்லக்கூடும். கிராங்க்கேஸ் மூடிய அமைப்பாக இருக்கிறதா என்று அவர் கேட்பார். நான் சொன்ன ஏற்பாட்டில் இரண்டு கேனும் இன்டேக்குக்கே திரும்புகின்றன. குட்டி ஃபில்டரோடு போனால் என்ன சொல்வார் என்று உனக்கே தெரியும். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவித்துவிடு. அவர்களுக்குத் தெரிவிக்காத மாற்றம், விபத்து நாளில் உன் தலையில் விழும்.

ஆக, வரிசை இதுதான்: லீக்-டவுன் டெஸ்ட், என்ஜினியரோடு பேச்சு, தண்ணீர் ஓட்டம், ஆயில் திரும்பும் குழாய், இரண்டு கேன், செக் வால்வு, பிறகு டர்போ, கடைசியில் டியூனிங். பணம் குறைந்தால் டர்போவையும் டியூனிங்கையும் சேர்த்தே தள்ளிப் போடு; முன்னால் இருப்பவற்றைத் தள்ளாதே.

புது பிசிவி வால்வும் உலோகச் செக் வால்வும் இந்த வாரமே ஆர்டர் செய்துவிடு. லீக்-டவுன் எண்கள் நாலும் கைக்கு வந்ததும் எனக்கு அனுப்பு, பார்த்துவிட்டுச் சொல்கிறேன். அதுவரை டர்போவுக்கு அட்வான்ஸ் கொடுக்காதே. வேளாவேளைக்குச் சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் அம்மாவுக்குப் போன் செய்.

அன்புடன்,
உன் அக்கா